எலியேசர் என்னும் பெயர்

கொழும்பு நகரிலே வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும், நகரின் எல்லையை அடுத்த கொலன்னாவையின் குடிமனைகளிலும் தமிழர் வாழும் வீட்டு வாயில்களில் மாட்டப்பெற்ற பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போகிறவர், இத்தீவின் நானூறாண்டு வரலாற்றின் பெரும்பகுதியை அவற்றிலேயே படித்துவிடலாம். சிவசுப்பிரமணியம், கந்தையா, பொன்னம்பலம் என்னும் பெயர்களுக்கு அயலே பெர்னாந்து, மிராண்டா, கொறைரா என்பன நிற்கும். அவை போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. ஆர்னல்ட், நெவின்ஸ் என்பன அமெரிக்க மிசனரிமார் காலத்து எச்சங்கள். சாமுவேல், தானியேல், ஐசாக் என்பன வேதாகமத்திலிருந்து வந்தவை. இவற்றிடையே மிக அரிதாகக் காணப்படும் பெயர் ஒன்றுண்டு, அதுதான் எலியேசர்.

சாமுவேல் என்று ஒருவர் தம் பெயரைச் சொன்னால் எவரும் வியப்பதில்லை. அப்பெயர் நெடுங்காலமாகத் தமிழ்ச் செவிக்குப் பழகிவிட்டது. எலியேசர் என்றாலோ, கந்தோரிலே விண்ணப்பத்தாளை நிரப்பும் எழுதுவினைஞர் ஒருமுறைக்கு இருமுறை கேட்பார். கேட்ட பின்பும் பிழையாகவே எழுதுவார். இது தமிழ்ப் பெயரா, பறங்கியர் பெயரா, பெயருக்குரியவர் எந்த ஊரார் என்னும் வினாக்கள் அடுத்து எழும். மொழியும் இனமும் பற்றிய வழக்குகள் மிகுந்த ஒரு நாட்டிலே இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கிற்காகக் கேட்கப்படுவன அல்ல. ஆதலின் அப்பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது, அது தமிழருக்கு எவ்வளவு தூரம் சொந்தம் என்பன ஆராயத்தக்கன.

இலங்கைத் தமிழருள் இப்பெயரை உலகறியச் செய்தவர் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் ஆவர். 1918ஆம் ஆண்டில் இலங்கையின் வடபாகத்திலே பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் பின்பு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, கேம்பிரிட்ஜிலே புகழ்பெற்ற பௌதிக அறிஞர் டிராக்கின் மாணாக்கராய் விளங்கியவர் அவர். நீரிய அணுவிலே இலத்திரன் இயங்கும் வகையைப் பழைய பௌதிக விதிகளைக் கொண்டு ஆராய்ந்து 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிபு ஒன்று, அத்துறையாரால் எலியேசர் தேற்றம் என்றே வழங்கப்படுகிறது. நேரே புரோத்தனை நோக்கிச் செல்லும் இலத்திரன், டிராக் வகுத்த சமன்பாட்டின்படி, அதனைச் சென்று முட்டாது என்பது அதன் சாரம். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1959இல் மலாயாவுக்கும் 1968இல் ஆஸ்திரேலியாவின் லா துரோப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். 2001இல் மெல்பேணிலே காலமானார்.

அவருடைய முழுப்பெயர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல்லடியாய் ஆங்கில நாட்டில் வழங்கிய பெயர் முதலிலே நிற்கிறது. வடமொழிச் சொற்கள் இரண்டினால் ஆகித் தமிழருக்கே உரிய நடையில் அமைந்த ஜெயரத்தினம் நடுவிலே. எபிரேயப் பெயர் ஈற்றிலே. ஒரு மனிதரின் பெயருக்குள் இத்தனை மொழிகள் சண்டையின்றிக் குடியிருக்கின்றன.

இனி அப்பெயரைப் பிரித்துப் பார்ப்போம். எபிரேய எழுத்தில் அது ஆலெப், லாமேட், யோட், ஆயின், சாயீன், ரேஷ் என்னும் ஆறு எழுத்துக்களால் ஆனது. தமிழ் வேதாகமத்தை வாசித்துப் பழகியோருக்கு இவ்வெழுத்துப் பெயர்கள் புதியன அல்ல. 119ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்கு இவையே தலைப்புகளாக இடப்பட்டிருப்பதை அவர்கள் சிறுவயது முதலே கண்டிருப்பார்கள்; பொருள் தெரியாமலே மனனம் செய்தவர்களும் உண்டு.

முதல் மூன்று எழுத்துக்கள் ஏலி என்னும் சொல்லையும், பின் மூன்று எழுத்துக்கள் ஏசெர் என்னும் சொல்லையும் தருவன. ஏல் என்பது கடவுளைக் குறிக்கும் மிகப் பழைய செமித்தியச் சொல். சாமுவேல், தானியேல், எசேக்கியேல், இஸ்ரவேல் ஆகிய பெயர்களின் இறுதியில் ஒலிப்பது இதுவே. அப்பெயர்களிற் பின்னே நிற்கும் கடவுட் பெயர், எலியேசர் என்பதில் முன்னே வந்து நிற்கிறது. ஏலி என்றால் என் கடவுள் என்பது பொருள். மத்தேயுவின் சுவிசேஷத்தின்படி சிலுவையிலிருந்து எழுந்த அழுகுரலின் முதற் சொல்லும் அதுவே. பெரிய வெள்ளிக்கிழமைகளிலே தேவாலயந்தோறும் தமிழர் அச்சொல்லைக் கேட்கின்றனர். எனினும் எலியேசரில் உள்ள இகரம் என் என்னும் பொருளைத் தருவதா, அன்றி இரு சொற்களை இணைப்பதற்காக இடையில் வந்த பழைய உருபா என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். சாரியை என்பது யாது என அறிந்த தமிழ் மாணாக்கருக்கு இச்சர்ச்சை எளிதில் விளங்கும். முதற் கொள்கைப்படி பெயரின் பொருள் ‘என் கடவுள் துணை’ என்பதாகும். மற்றதன்படி ‘கடவுள் துணை’ என்பதாகும்.

ஏசெர் என்பதைத் தமிழிலே உதவி என்று பெயர்க்கலாம். ஆயினும் துணை என்பதே அதற்குச் சாலப் பொருந்தும். உதவி செய்பவர் செய்துவிட்டுப் போய்விடலாம். துணை என்பது உடனிருத்தல். எபிரேய வேதத்திலே ஏசெர் என்னும் சொல் பெரும்பாலும் போரிலும் ஆபத்திலும் பக்கத்தில் நிற்கும் கடவுளைக் குறித்தே வழங்குகிறது. ஆதியாகமத்திலே முதல் மனிதனுக்காக உண்டாக்கப்பட்ட பெண்ணைச் சுட்டவும் அதே சொல்தான் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடத்திலே துணை என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தமை அவர்களுடைய நுண்ணிய மொழியுணர்ச்சிக்குச் சான்று. வேலையாளைக் குறிக்கும் சொல்லாக அதனைக் கருதிப் பிரசங்கம் செய்வோர், அதே சொல் கடவுளுக்கும் ஆளப்படுவதை மறந்துவிடுகிறார்கள்.

வேதாகமத்திலே எலியேசர் என்னும் பெயருடையோர் பதினொருவர் காணப்படுகின்றனர். ஆண்டவரின் பெட்டிக்கு முன்னே எக்காளம் ஊதிய ஆசாரியர் ஒருவர்; யோசபாத் அரசனை முகத்துக்கு முகம் கண்டித்துரைத்த தீர்க்கதரிசி ஒருவர்; அந்நிய தேசத்துப் பெண்களை மணந்ததற்காக எஸ்றாவின் நூலிலே பெயர் குறிக்கப்பட்டோர் மூவர்; லூக்கா தரும் வமிச வரலாற்றிலே பெயரளவில் நிற்பவர் ஒருவர். இவ்வாறு பலரும் ஓரிரு வரிகளில் வந்து மறைபவர்களே. நின்று பார்க்கத்தக்கோர் இருவர்.

ஒருவர் மோசேயின் இளைய மகன். எகிப்திலிருந்து உயிர் தப்பி மீதியான் நாட்டிலே அடைக்கலம் புகுந்த மோசே, அங்கே பிறந்த முதல் மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிட்டார். அந்நிய நாட்டிலே தாம் பரதேசியாய் இருந்ததை நினைந்து இட்ட பெயர் அது. இரண்டாம் மகனுக்கு எலியேசர் என்று பெயரிட்டார். பார்வோனின் வாளுக்குத் தப்புவித்த கடவுளே தமக்குத் துணை நின்றார் என்பது அதற்கு அவர் கூறிய காரணம். ஊரிழந்தவன் துயரம் மூத்தவன் பெயரிலும், உயிர் பிழைத்தவன் நன்றி இளையவன் பெயரிலும் பதிந்தன. ஊரை விட்டு ஓடி, பிறந்த மண்ணைத் தூரத்திலிருந்தே எண்ணி வாழும் தந்தையர் பிள்ளைகளுக்குப் பெயரிடும்போது என்ன நினைப்பார்கள் என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர் காலத்தால் முந்தியவர். ஆபிராமுக்குப் பிள்ளை இல்லாத காலத்திலே, அவருடைய வீட்டுக் காரியங்களை மேற்பார்த்த தமஸ்கு ஊரார் எலியேசர். தம் சொத்தெல்லாம் இறுதியில் இவரையே சேரப்போகிறதே என்று ஆபிராம் கடவுளிடம் முறையிட்டதாக ஆதியாகமம் கூறுகிறது. பின்பு ஈசாக்கு பிறந்தார்; எலியேசருக்கு வரவிருந்த உரிமை நீங்கிற்று. ஈசாக்குக்குப் பெண் தேடிச் சென்று, கிணற்றருகே ரெபெக்காளைக் கண்ட முதிய ஊழியரை எலியேசர் என்றே போதகர்கள் கூறுவது வழக்கம். மூலநூலில் அவ்வூழியருக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. அது யூத மரபு வழியே வந்த கொள்கை. அக்கொள்கை உண்மையாயின், தம் உரிமையைப் பறித்தவனுக்கே பெண் தேடிக் கொடுத்த பெருந்தகை அவர் எனல் வேண்டும்.

இவரைப் பற்றி யூத ஆசிரியர்கள் சுவையான கணக்கு ஒன்று சொல்வார்கள். எபிரேய எழுத்துக்கள் எண்களாகவும் வழங்குவன. ஆலெப் 1, லாமேட் 30, யோட் 10, ஆயின் 70, சாயீன் 7, ரேஷ் 200. இவற்றைக் கூட்டினால் 318 வரும். சிறைப்பட்ட லோத்தை மீட்பதற்காக ஆபிராம் தம் வீட்டிலே பிறந்து பழக்கப்பட்ட ஆட்கள் 318 பேரைக் கூட்டிக்கொண்டு சென்றார் என்று ஆதியாகமத்தின் பதினான்காம் அதிகாரம் கூறுகிறது. அந்த 318 பேர் என்பது உண்மையில் எலியேசர் ஒருவரே என்று தல்மூத் நூலிலே ஒரு விளக்கம் உண்டு. வரலாற்றாசிரியர் இதனை ஏற்கமாட்டார். ஆயினும் பிற்காலத்தில் அப்பெயரைத் தாங்கிய தமிழர் ஒருவர் கணிதப் பேராசிரியராக அமைந்ததை எண்ணும்போது, இக்கணக்கைக் கூறாது விடுவதற்கு மனம் வருவதில்லை.

ஏசெர் என்னும் வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் ஒரு பெருங்குடும்பமாகும். ஆரோனின் மகன் எலெயாசார். கடவுள் துணை செய்தார் என்பது அதன் பொருள். அசரியா என்பதும், எஸ்றா என்பதும் அவ்வேரிற் பிறந்தனவே. தமிழ்க் கிறித்தவரிடையே பெரிதும் வழங்கும் எபெனேசர் என்னும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். அது வேதாகமத்தில் எந்த மனிதனுடைய பெயரும் அன்று. ஒரு கல்லின் பெயர். பெலிஸ்தியரை வென்ற பின் சாமுவேல் நாட்டிய கல்லுக்குத் துணையின் கல் என்று பொருள்படும் அப்பெயரை இட்டார். அதே நூலிலே அதற்கு முன்னர் எபெனேசர் என்னும் இடத்திலே பாளயம் இறங்கிய இஸ்ரவேலர் படுதோல்வி அடைந்து உடன்படிக்கைப் பெட்டியையும் இழந்தனர் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இப்பெயர் முறை எபிரேயர்க்கு மாத்திரம் உரியதன்று. தாவீது முறியடித்த சோபாவின் அரசன் பெயர் ஆதாதேசர். ஆதாத் என்னும் இடிமழைத் தெய்வமே துணை என்பது அதன் பொருள். ரோமரை நடுங்கச் செய்த ஹனிபலின் தம்பி, கி.மு. 207இல் போர்க்களத்தில் வீழ்ந்த அஸ்திரூபாலின் பெயரும் பாகால் துணை என்பதே. கார்த்தேஜ் மக்கள் பேசியது எபிரேயத்துக்கு இனமான மொழியாதலின் வேர்ச்சொல் ஒன்றாகவே இருக்கிறது. தெய்வங்கள் வேறு, பெயரிட்ட தந்தையரின் நெஞ்சம் ஒன்று.

எலெயாசார் என்னும் பெயர் கலிலேயாவிலே சாதாரண மக்கள் வாயில் முதலெழுத்துக் குறைந்து லாசர் எனச் சிதைந்தது. கிரேக்கர் அதற்குத் தம் விகுதி சேர்த்து லாசரோஸ் என்றனர். தமிழிலே லாசரு என்றும் இலாசர் என்றும் வழங்குவது இதுவே. லகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்னும் இலக்கண விதிக்கு அமைய இகரத்தை முன்னிறுத்தி இலங்கை என்பது போல இலாசர் என்று எழுதுகின்றனர். கலிலேயர் வாயில் உதிர்ந்த ஓர் உயிரெழுத்துக்குப் பதிலாகத் தமிழர் மற்றோர் உயிரெழுத்தைக் கொடுத்துவிட்டனர்! ஐரோப்பிய யூதரிடையே எலியேசர் என்பது லெய்சர் என்றும் எலி என்றும் குறுகியது. எஸ்பெராந்தோ மொழியைப் படைத்த சாமன்ஹோவின் பெயர்களுள் ஒன்று லெய்சர். வழக்கொழிந்திருந்த எபிரேயத்தைப் பேச்சுமொழியாக எழுப்பிய பென் யெகூதாவின் முதற்பெயர் எலியேசர். 1986இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற எலி வீசலும், பிறந்தபோது எலியேசரே.

இப்பெயர் தமிழ் நாவிலே அமர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. யோசேப்பு, தாவீது, யாக்கோபு என்னும் பெயர்களுக்கு ஈற்றிலே ஓர் உயிரைச் சேர்த்தால்தான் அவை தமிழ் நடைக்கு வரும். எலியேசர் என்பதோ ரகர மெய்யில் முடிவது; தமிழுக்கு அம்முடிவு இயல்பானது. அதுமட்டுமன்று, சம்பந்தர், சுந்தரர், நாவலர் என்பவற்றில் உள்ள மரியாதைப் பன்மை விகுதியைப் போலவே அதன் ஈறு செவிக்குப் படுகிறது. பெயரைச் சொன்ன மாத்திரத்தே மதிப்பும் கொடுத்தாயிற்று. ஆயின் ஒரு குறையும் நேர்ந்தது. எபிரேயத்தில் வெவ்வேறான பல ஊதொலிகளுக்குத் தமிழிலே சகரம் ஒன்றே நிற்க வேண்டியிருப்பதாலும், தொண்டையடியிற் பிறக்கும் ஆயின் என்னும் எழுத்துக்குத் தமிழில் இடமே இல்லாமையாலும், எலியேசரும் எலெயாசாரும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின.

இத்தகைய பெயர்கள் இலங்கைத் தமிழரை வந்தடைந்த வழி யாது? போர்த்துக்கேயர் காலத்திலே ஞானஸ்நானம் பெற்றோர் பெரும்பாலும் அர்ச்சியசிட்டவர்களின் பெயரையும், அதனோடு போர்த்துக்கேயக் குடிப்பெயர் ஒன்றையும் பெற்றனர். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வாழும் பரதகுலக் குடும்பங்களில் அவை இன்றும் வழங்குகின்றன. பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் பரவியது புரொட்டஸ்தாந்தர் வந்த பின்னரே. வேதத்தைத் தத்தம் மொழியிலே வீட்டில் வைத்து வாசிக்கும் பழக்கம் எங்கே பரவிற்றோ, அங்கே எபிரேயப் பெயர்களும் பரவின; ஒல்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் நேர்ந்தது யாழ்ப்பாணத்திலும் நேர்ந்தது. தரங்கம்பாடியிலே 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ப் போதகரின் பெயர் ஆரோன் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

கொழும்பிலே இதற்கு இடமாய் இருந்தது ஒல்லாந்தருடைய திருச்சபையாகும். கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே 1757இல் திறக்கப்பட்ட வுல்பெந்தால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது திறக்கப்பட்டு இரண்டாண்டுகளின் பின், கொழும்பிற் பிறந்த தமிழ்ப் போதகர் பிலிப்பு தெ மெல்லோ தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இந்நகரிலுள்ள ஒல்லாந்தர் அச்சகத்திலே அச்சாயிற்று. லூக்கா எழுதிய வமிச வரலாற்றில் எலியேசர் ஒருவர் உண்டாதலால், அப்பெயர் கொழும்பிலே தமிழ் எழுத்தில் அச்சேறி இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பின்பு வண. பீற்றர் பேர்சிவலோடு ஆறுமுக நாவலர் சேர்ந்து உழைத்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்தின் காவலர் என்று போற்றப்படும் நாவலரின் கண்ணுக்கும் செவிக்கும் எலியேசரும் கெர்சோமும் அறிமுகமானவர்களே. அதே பேர்சிவல் 1838இல் பருத்தித்துறையிலே தொடங்கிய பாடசாலைதான் பின்னாளில் பேராசிரியர் எலியேசர் பயின்ற ஹாட்லிக் கல்லூரி.

அமெரிக்க மிசனார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலோ வேறொரு வழக்கம் நிலவிற்று. மாணாக்கரின் படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அவர்களுக்கு இடப்பட்டன. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இவ்வாறே. இது வேதாகமத்துக்கும் புதிய கதையன்று. பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூத இளைஞருள் ஒருவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அசரியா. கர்த்தர் துணை செய்தார் என்பது பொருள். அரண்மனை அதிகாரி அதை மாற்றி, பாபிலோனியத் தெய்வம் ஒன்றின் அடிமை என்று பொருள்படும் ஆபேத்நேகோ என்னும் பெயரை இட்டான். தமிழ்க் கிறித்தவரிடையே இவ்விரண்டு பெயர்களும் ஆசையோடு இடப்படுகின்றன. இரண்டும் ஒருவனுடையவை என்பதையும், ஒன்று மற்றதை அழிக்க வந்தது என்பதையும் நினைப்பவர் சிலரே. 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற திருநெல்வேலித் தமிழர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, பழைய பெயரைத் தாங்கியவர்.

பெயரைப் பெயராகவே கடன்வாங்காது, பொருளை எடுத்துக்கொண்டு தமிழ் உடுத்திய வழியும் ஒன்றுண்டு. திருவிதாங்கூர் அரசவையிலே உத்தியோகம் வகித்த நீலகண்டபிள்ளை 1712இல் நட்டாலத்திலே பிறந்தவர். 1741இல் குளச்சற் போரிலே தோற்று, பின்பு மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவரான ஒல்லாந்தக் கம்பனித் தளபதி தெ லனாயின் நட்பினால் அவர் கிறித்தவரானார். 1745இல் வடக்கன்குளத்திலே அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது இடப்பட்ட பெயர் லாசரு. தமிழிலே அதனை அப்படியே சொல்லாமல், பொருளை மொழிபெயர்த்துத் தேவசகாயம் என்று வழங்கினர். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையிலே சுட்டுக்கொல்லப்பட்ட அவரை 2022ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஆகவே தேவசகாயம் என்று பெயர் தாங்கிய தமிழர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, எலெயாசாரின் பெயரைத் தாங்குபவரே. எலியேசருக்கு நெருங்கிய உறவினர்.

இன்னும் ஒருபடி மேலே சென்று பார்க்கலாம். தமிழர் கடிதம் எழுதத் தொடங்கும்போது தாளின் தலைப்பிலே பிள்ளையார் சுழி இட்டு முருகன் துணை என்றோ கடவுள் துணை என்றோ எழுதுவர். ஏடு எழுதி முடித்தவர்கள் குருவே துணை என்று எழுதிக் கையெடுத்தனர். கடைகளின் பெயர்ப்பலகையிலும், கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும், லொறிகளின் நெற்றியிலும் அதே சொல் நிற்கிறது. எபிரேயத் தந்தை தம் பிள்ளையின் நெற்றியிலே எழுதிவைத்ததைத் தமிழர் தம் கடிதத்தின் நெற்றியிலே எழுதுகின்றனர். தமிழ்ப் பெயரா என்று கேட்கும் எழுதுவினைஞர், தம் மேசையிலிருக்கும் சொந்தக் கடிதத்தின் தலைப்பை ஒருமுறை நோக்கினால் போதும்.

அங்ஙனமாயின் இது குடிப்பெயராக இத்துணை அரிதாய் இருப்பதற்குக் காரணம் என்ன? தமிழரின் பெயர் முறையே காரணம். தமிழருக்கு மேல்நாட்டார் கருதும் வகையில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரனுக்கு அது தானும் இல்லை. எலியேசர் என்பவருக்கு ஒரு மகன் பிறந்தால் அவர் எ. இன்னார் ஆவார். அவர் பிள்ளையின் பெயரில் எலியேசர் என்பதன் சுவடே இராது. இரண்டு தலைமுறையில் எந்தப் பெயரும் கரைந்துபோகும் ஒழுங்கு இது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கடவுச்சீட்டும் பிறநாட்டுப் பல்கலைக்கழகப் பதிவும் வந்த பின்னரே, சில குடும்பங்கள் முன்னோர் ஒருவரின் பெயரை ஈற்றிலே நிறுத்தி வைத்துக்கொண்டன. சாமுவேல் என்று பெயரிட்டோர் பலராதலின் சாமுவேல் என்னும் குடிப்பெயரும் பலவாயிற்று. எலியேசர் என்று பெயரிட்டோரே சிலர். அவர்களுள்ளும் அப்பெயரை அடுத்த தலைமுறைக்குக் குடிப்பெயராக நிறுத்தியோர் மிகச் சிலராதல் இயல்பே.

குடிப்பெயராக நிற்காமலே எபிரேயப் பெயர் தமிழ்ப் பெயருக்குள் ஒளிந்து வாழ்வதும் உண்டு. தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் முன்னெழுத்துக்களை விரித்தால் சாமுவேல், ஜேம்ஸ், வேலுப்பிள்ளை என்று வரும். ஜேம்ஸ் என்பது யாக்கோபு என்பதன் ஆங்கில உருவம். எபிரேயப் பெயர் இரண்டும் முருகனின் வேலும் ஒரே வரிசையில் நிற்க, அவற்றின் பின்னே நின்றவரை எவரும் தமிழர் அல்லர் என்று சொல்லத் துணிந்ததில்லை.

கந்தோர்களிலே எழும் இடர் அடிப்படையில் எழுத்தைப் பற்றியது. ஞானஸ்நானப் பதிவேட்டிலே எலியேசர் என்றும், பிறப்புப் பதிவிலே எலெயாசர் என்றும், ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கிய அடையாள அட்டையிலே இலியசர் என்றும் எழுதப்பட்டுவிட்டால், ஒருவரே மூவராகிவிடுகிறார். முதலிரண்டும் வேதாகமத்திலே வெவ்வேறு மனிதரின் பெயர்கள் என்பதைப் பதிபவர் அறியார். பின்பு காணி உறுதி முடிக்கவோ, ஓய்வூதியம் பெறவோ, முதுசத்தைப் பங்கிடவோ போகும்போது, இம்மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக்கடதாசி முடிக்கவேண்டி நேருகிறது. ஆதலின் பதிவு செய்யும்போது, லியே என்னும் ஈரெழுத்தும் குறிலும் நெடிலுமாகத் தெளிவாய் விழுந்துள்ளனவா என்று பெற்றோர் பார்த்துக்கொள்வது நன்று.